வட்டப்பாறையில் சொன்ன விளக்கம்

போன செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் நின்றிருந்த என் மகளின் காரில், வைப்பருக்கு அடியில் ஒரு காகிதம் மடித்துச் செருகியிருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் வீட்டுக்கு வீடு விளம்பரத் தாள் போடுவார்கள். அப்படி ஏதோ ஒன்று என்று எடுத்துப் பிரித்தேன். ‘நேற்று மாலை என் டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது உங்கள் காரில் உரசிவிட்டேன். செய்தது நான்தான். மன்னியுங்கள். ஒன்பதாம் எண் வீடு, கிரெக்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே தொலைபேசி எண்ணும் போட்டிருந்தது. உரசலைத் தேடினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, குனிந்து, காரை இரண்டு முறை சுற்றி வந்த பிறகுதான் பின்கதவில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு தெரிந்தது.

இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். முப்பத்தைந்து ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் இருந்தவன் கேட்கமாட்டான். ஒப்புக்கொள்வதற்கு எங்களிடம் ஒரு நடைமுறை உண்டு. முதலில் புகார் வர வேண்டும். புகாருக்குக் கோப்பு எண் போட வேண்டும். பிறகு மெமோ. மெமோவைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் கையெழுத்து. ஏழு நாளில் விளக்கம். ஏழாம் நாள் மாலை, மேலும் அவகாசம் கேட்டு ஒரு மனு. கடைசியில் வந்துசேரும் விளக்கத்தில் ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று இருக்குமே தவிர, அதைச் செய்தவர் யார் என்பதைக் கோப்பு முழுவதும் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. மழை பெய்தது, பொழுது விடிந்தது என்பதுபோலத் தவறும் தானாகவே நேரும். விளக்கம் திருப்தியில்லை என்றால் பதினேழு-ஏ என்ற பிரிவில் நடவடிக்கை. விவகாரம் பெரிதென்றால் பதினேழு-பி. இத்தனை படிகள் ஏறிய பிறகும் ஒருவர் ‘நான்தான்’ என்று எழுதிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அப்படி எழுத வந்த ஒன்றிரண்டு அப்பாவிகளையும் நானே தனியாக அழைத்துப்போய், டீ வாங்கிக்கொடுத்து, வேறு மாதிரி எழுத வைத்திருக்கிறேன்.

அந்தப் பழக்கத்தில் கிரெக்கின் மேலும் எனக்கு இரக்கம் வந்துவிட்டது. விவரம் தெரியாத மனிதர், நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வருவோம் என்று ஒன்பதாம் எண் வீட்டுக் கதவைத் தட்டினேன். “யாரும் பார்க்கவில்லையே, நீங்கள் ஏன் எழுதிக் கொடுத்தீர்கள்?” என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. “சாட்சி வேண்டுமா? என் மனைவி பார்த்தாள்” என்று உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “ஆமாம், இவர்தான் இடித்தார்” என்றார். நான் பதறிப்போய், “எழுத்தில் எதையும் தராதீர்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன்” என்றேன். எழுதியது போதவில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். உள்ளே போய் இன்ஷூரன்ஸ் எண், ஓட்டுநர் உரிமத்தின் நகல், டிரெய்லர் எந்தப் பக்கமாக வந்தது என்று அம்புக்குறி போட்ட ஒரு படம் என்று மூன்று தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார். நான் வாயைத் திறக்கத் திறக்க அவர் வாக்குமூலம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் அவர் தோட்டத்து ஃபிஜோவாப் பழம் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் மனைவி கஸ்தூரி சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “ஒரு மனுசன் தானா ஒத்துக்கினா உங்களுக்குப் பொறுக்காதே! உங்கள ஒத்துக்க வைக்க எங்கப்பா திருவாமாத்தூர் வரைக்கும் இட்டுக்கினு போவ வேண்டியதாப் போச்சு” என்றாள். மகள் கணினியிலிருந்து நிமிர்ந்து, “அது என்ன கதை?” என்றாள். இத்தனை வருடமாக அவளுக்குச் சொல்லாமலே இருந்திருக்கிறோம். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

எண்பதுகளின் முற்பாதி. எனக்கு விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. கஸ்தூரி திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாமனார் வீடு. திங்கள் காலை அதே வழியில் திரும்பிவிடுவேன். இப்படியே எத்தனை நாள் என்று எல்லோரும் கேட்டதால் திண்டிவனத்துக்கு மாறுதல் கேட்டு மனுக் கொடுத்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் எந்த மனுவும் அத்தனை சீக்கிரம் நகராது என்ற நம்பிக்கையில் கொடுத்தது. அது நகர்ந்துவிட்டது. அப்போது எங்கள் மாவட்டத் தலைநகராக இருந்த கடலூரிலிருந்து உத்தரவு வந்தது. மாமனார் மகிழ்ந்துபோய், தன் வீட்டு முன்னறைக்கு வெள்ளையடித்து, எனக்கென்று மேசை நாற்காலி வாங்கிப் போட்டார்.

அந்த மேசையில் நான் ஒரு முறைகூட உட்காரவில்லை. மாமனார் தங்கமான மனிதர். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். மூட்டையிலிருந்து முதல் படி எனக்கென்று எடுத்துவைப்பவர். ஆனாலும் வீட்டோடு மாப்பிள்ளையாக அந்த முன்னறையில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்ல முடியாது. விழுப்புரத்தில் ஐந்து பேர் கொண்ட எங்கள் அலுவலகப் பூப்பந்து அணிக்கு நான் கேப்டன். தினமும் மாலை ஐந்தரைக்கு மைதானத்தில் இறங்கினால் இருட்டும்வரை ஆட்டம். பிறகு ஜங்ஷன் பக்கத்தில் மெஸ்ஸில் பரோட்டா. இரண்டு மாதத்தில் மாவட்டப் போட்டி வரவிருந்தது. என்னை விட்டால் பின்வரிசையில் நிற்க ஆளில்லை என்று நான் நம்பினேன்.

உத்தரவை ரத்து செய்யச் சொல்லி நானே மனுத் தயாரித்தேன். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாகவும், மனைவியின் முழுச் சம்மதத்துடனும், தற்போதைய பணியிடத்திலேயே தொடர அனுமதிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.’ தட்டச்சு செய்தவர் ஆரோக்கியமேரி. எங்கள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முழுச் சம்மதம் என்ற இடத்தில் நிறுத்தி, “சார், வீட்ல கேட்டுக்கினீங்களா?” என்றார். “கேட்டாச்சும்மா, நீ அடி” என்றேன். ரத்தாகி வந்ததும் கஸ்தூரியிடம், நிர்வாகக் காரணங்களால் உத்தரவை நிறுத்திவிட்டார்கள் என்றேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். “பரவால்லீங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். எவ்வளவு பக்குவமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம். அது வேறு விஷயம். அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம், மாமனார் வீட்டில் கை இலையில் இருக்கும்போது வாசலில் ஆரோக்கியமேரி வந்து நின்றார். திண்டிவனத்தில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்தவர், விசாரித்துக்கொண்டு வீடு தேடி வந்திருக்கிறார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார், பேசியது கஸ்தூரியிடம்.

“அக்கா, உங்களாண்ட ஒரு விசயம் சொல்லணும். சர்ச்சுக்குப் போயி, செஞ்ச தப்பச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணேன். சாமியார், அந்தம்மாகிட்டயே போய்ச் சொல்லிடுன்னுட்டாரு. டிரான்ஸ்பர் வேணாம்னு போன மனுவுல, உங்களுக்கு முழுச் சம்மதம்னு அடிச்சது நாந்தான்கா. எனக்கு அப்பவே சந்தேகம். இருந்தாலும் அடிச்சிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க.”

அவர் தன் தப்பைத்தான் சொன்னார். என் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: “அது வேற ஒருத்தரோட மனும்மா. நீ ஏதோ கொழப்பிக்கினே.”

மேரி என்னை ஒரு முறை பார்த்தார். “இருக்கும் சார்” என்று சொல்லிவிட்டு, கஸ்தூரி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

கஸ்தூரி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். “எழுதிக் குடுத்தீங்களா, இல்லியா? ஒரே வார்த்த சொல்லுங்க.”

“இத அப்பிடி ஒரு வார்த்தையில சொல்ல முடியாது. ஊருக்குப் போய் விளக்கமா எழுதறேன்” என்றேன். இன்று நினைத்தாலும் என் காது சூடாகிறது.

எழுதவும் செய்தேன். நீலநிற இன்லாண்டு கடிதத்தில், எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில். ‘பொருள்: இடமாறுதல் உத்தரவு ரத்து, விளக்கம் அளித்தல் தொடர்பாக. பார்வை: தங்களது வாய்மொழி வினா, ஞாயிறு பிற்பகல்.’ கீழே மூன்று பத்தி. சூழ்நிலைகளின் காரணமாக மேற்படி நிகழ்வு நேர்ந்துவிட்டது என்றும், இனிவரும் காலங்களில் இவ்வாறு நிகழாவண்ணம் பார்த்துக்கொள்ளப்படும் என்றும் முடித்திருந்தேன். நான்கு நாளில் அதே கடிதம் ஓர் உறைக்குள் திரும்பி வந்தது. முழுவதும் சிவப்பு மை. ‘நேர்ந்துவிட்டது’ என்பதற்குப் பக்கத்தில் ‘யாரால்?’ என்று கேட்டு இரண்டு கோடு. அடியில், ‘பத்துக்கு இரண்டு. அதுவும் கையெழுத்து நன்றாக இருப்பதால். விடை தெரியும்வரை இங்கே வர வேண்டாம்.’

இந்த நிலையில்தான் மாமனார் எனக்காகக் களத்தில் இறங்கினார். புதன்கிழமை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “மாப்ள, நீங்க ஒண்ணும் பேஜாராவாதீங்க. எங்க மாப்ள பொய் சொல்ல மாட்டாருன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு இன்னாத்தையோ ஒளறிட்டுப் போயிருக்குது. எம்பொண்ணு அத நம்பிக்கினு ஆடுறா. ஞாயித்துக்கெழம ஜல்தியா வந்து நிக்கிறோம். திருவாமாத்தூர்ல ஒரு சத்தியம் பண்ணிட்டீங்கன்னா அவ வாய மூடிக்கினு வந்துடுவா” என்றார். ஆரோக்கியமேரி நாலு மேசை தள்ளித் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். திருவாமாத்தூர் விழுப்புரத்துக்குப் பக்கத்து ஊர். அபிராமேசுவரர் கோயிலில் வட்டப்பாறை அம்மன் சந்நிதி என்று ஓர் இடம். எங்கள் பக்கத்தில் தீராத வழக்கெல்லாம் அங்கே போய்ச் சத்தியத்தில் தீரும். பொய்ச் சத்தியம் செய்தவனைப் பாம்பு தேடி வந்து கடிக்கும் என்பது நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் எங்கள் அலுவலகத்திலேயே, எந்த விசாரணைக்கும் மசியாத ஒருவர், “வட்டப்பாறைக்கு வர்றியா?” என்று எதிராளி கேட்டதும் மறுநாளே வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பதினேழு-பியை விட வலுவான பிரிவு அது.

சனிக்கிழமை முழுவதும் சத்திய வாசகத்தைத் தயாரித்தேன். ஏழு வரைவுகள். ஏழாவது எனக்குப் பிடித்திருந்தது. ‘அந்த மனுவை என் கையால் நான் எழுதவில்லை.’ இதில் பொய் எங்கே? எழுதவில்லை, தட்டச்சு செய்யப்பட்டது. அதுவும் என் கையால் அல்ல. எந்தப் பாம்பும் மேல்முறையீடு செய்ய முடியாத வாசகம்.

ஞாயிறு காலை விழுப்புரம் பேருந்து நிலையத்தில் மாமனாரும் கஸ்தூரியும் வந்து இறங்கினார்கள். திருவாமாத்தூர் டவுன் பஸ்ஸில் மாமனார் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். கஸ்தூரி என் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னாள்: “நீங்க சத்தியம் பண்ணிட்டீங்கன்னா எங்கப்பா சொன்னபடி நான் உங்ககூட வந்துடுவேன். சமைச்சுப் போடுவேன். சண்ட போட மாட்டேன். ஆனா சாகற வரைக்கும் நீங்க சொல்ற ஒரு வார்த்தையையும் நம்ப மாட்டேன். தெரிஞ்சுக்கினு பண்ணுங்க.”

ஏழாவது வரைவை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அத்தனை நன்றாக இல்லை.

குருக்களிடம் மாமனார் விவரம் சொன்னார். அவருக்கு இது வாராவாரம் நடப்பது. எங்கே நிற்க வேண்டும் என்று கையைக் காட்டிவிட்டுத் தள்ளி நின்றார். நான் குளித்த ஈரத்தோடு போய் நின்றேன். வாசகத்தைத் தொடங்கத் தொண்டையைச் செருமினேன். அப்போது மாமனார் விறுவிறுவென்று வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

“தாயே, எம்மாப்ள மேல பழி வந்திருக்குது. அவரு அப்பிடிப்பட்டவரு இல்ல. அவருக்கு மின்னாடி நான் சொல்றேன். அவரு சொல்லப்போறது பொய்யா இருந்தா, கடிக்கிற பாம்பு என்னக் கடிக்கட்டும். சின்னஞ்சிறுசு, அதுங்கள வுட்டுடு.”

நடைமுறையில் இதற்கு இடமில்லை. ஒருவர் விளக்கத்துக்கு இன்னொருவர் தண்டனை ஏற்க எந்த விதியும் அனுமதிக்காது. அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. பாம்பு கிடையாது என்று எனக்குத் தெரியும். நாளை மாமனார் மல்லாட்டைக் கொல்லையில் இறங்கும்போது ஒவ்வொரு அடியையும் நான் எண்ணிக்கொண்டிருப்பேன் என்பதும் அந்த நிமிடம் தெரிந்துவிட்டது.

“மாமா, கைய எறக்குங்க! நாந்தான்! நாந்தான் பண்ணேன்!” என்று கத்தினேன். “மனு என்னுதுதான். சொன்னது நான், கையெழுத்துப் போட்டது நான். மேரி மேல தப்பே இல்ல. வீட்டோட மாப்ளயா இருக்கக் கூச்சமா இருந்துது. அப்பறம் பந்து ஆடணும்.”

“இன்னாது?” என்றார் மாமனார்.

“பந்து மாமா. பூப்பந்து. டோர்னமெண்ட் இருந்துது.”

தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. பிறகு மெல்ல இறங்கியது. கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக மரியாதை தவறியது. “யோவ் மாப்ள! பந்து ஆடறதுக்காய்யா என்னப் பாம்புக்குக் குடுக்கப் பாத்தே? ஜெயிச்சியா?”

“இல்ல மாமா. மொத ரவுண்டுலயே போச்சு.”

சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கொஞ்சம் ஆறியதும், தானாகவே என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா, நானும் ஒண்ணு சொல்லிடறேன். விழுப்புரத்துல ஒரு டீச்சர், திண்டிவனம் வரணும்னு, எடத்த மாத்திக்க மியூச்சுவலுக்கு ஆள் தேடுனாங்க. எனக்குக் கடுதாசி போட்டாங்க. நாந்தான் வேணாம்னு எழுதிட்டேன். இவருகிட்ட சொல்லல. அங்க வந்தா தெனம் சாயங்காலம் அஞ்சு பேருக்கு டீ போடணும். என் கிளாஸ் பசங்கள வுட்டுட்டு வரவும் மனசில்ல.”

உத்தரவு ரத்தானபோது அவள் காட்டிய பக்குவத்தின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாமனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குருக்கள் தூணருகிலிருந்து, “வேற யாராவது சொல்லணுமா? நடை சாத்தற நேரமாச்சு” என்றார்.

மறுநாள் ஆரோக்கியமேரியின் மேசைக்குப் போனேன். எந்த வரைவும் தயாரிக்கவில்லை. “மேரி, அன்னிக்கு உன்ன எல்லார் மின்னாடியும் பொய்யாக்கினது நாந்தான். தப்பு என்னுது” என்றேன். அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். என் மனுவின் கார்பன் நகல். “அன்னிக்கே எடுத்துக்கினு வந்து காட்டியிருக்கலாம் சார். அக்கா மின்னாடி உங்கள அப்பிடி நிறுத்த மனசு வரல. நீங்க சத்தியம் பண்ணிட்டு வந்தா, உங்கள மாட்டிவுடாம இதக் கிழிச்சுப் போட்டுடலாம்னு வெச்சிருந்தேன்” என்றார். அலுவலக நகலைக் கிழிப்பது விதிப்படி குற்றம் என்று சொல்ல வாயெடுத்து, முதல் முறையாக ஒரு விதியைச் சொல்லாமல் விழுங்கினேன்.

இருவரும் மாறுதல் கேட்கவில்லை. நடுவில் விக்கிரவாண்டியில் வீடு பார்த்தோம். இருவருக்கும் அங்கே யாரையும் தெரியாது, வேலையும் இல்லை. காலையில் அவள் வடக்கே போகும் பஸ்ஸுக்கும் நான் தெற்கே போகும் பஸ்ஸுக்கும் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் நிற்போம். பால் காய்ச்சியபோது மேரிதான் முதல் தம்ளர் வாங்கிக்கொண்டார். மாமனார் அந்த மேசையை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார். மகள் அந்த வீட்டில்தான் பிறந்தாள். அந்த மேசையில்தான் படித்தாள். படித்துவிட்டு எங்கள் இரண்டு பஸ்ஸிலும் ஏறாமல் விமானம் ஏறினாள்.

இவ்வளவு எழுதிய பிறகு, ஊரிலுள்ள நண்பர்களும் உறவினருமான உங்களிடமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடிதங்களில், தொலைபேசியில், ஊருக்கு வரும்போது கல்யாண வீடுகளில், ‘பேரப்பிள்ளைக்காக அங்கே இருக்க வேண்டியதாகிவிட்டது’ என்று சொல்லி வந்திருக்கிறேன். நீங்களும் உச்சுக்கொட்டியிருக்கிறீர்கள். அப்படி எதுவும் ஆகவில்லை. நான்தான் இருக்கிறேன். எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. இந்த நூலகமும், கடற்காற்றும், வரிசையில் யாரும் முண்டாமல் நிற்பதும் பிடித்திருக்கிறது. ஆறு மாதம் ஆனதும் விழுப்புரம் ஜங்ஷனின் அறிவிப்புக் குரலைக் கேட்காமல் இருக்க முடியாமல் போவதும் உண்மைதான்.

சென்ற முறை ஊரிலிருந்து திரும்பும்போது விமானத்தில் வருகை அட்டை கொடுத்தார்கள். நீங்கள் வசிக்கும் நாடு எது என்று ஒரு கேள்வி. நியூசிலாந்து என்று யோசிக்காமல் எழுதிவிட்டு, கஸ்தூரியின் அட்டையைச் சரிபார்க்க எட்டிப் பார்த்தேன். இங்கே தெருவிலுள்ள அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள், அழகான கையெழுத்தில் இந்தியா என்று எழுதியிருந்தாள். விதிப்படி இரண்டில் ஒன்று தவறு. எது என்று எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை, அவளும் என்னுடையதைத் திருத்தவில்லை. குடியேற்ற அதிகாரி இளம்பெண். இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்து, எங்கள் முகங்களைப் பார்த்து, இருவரும் சேர்ந்துதான் பயணம் செய்கிறீர்களா என்று கேட்டாள். நடைமுறைப்படி பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி முந்திக்கொண்டாள்.

“யெஸ்,” என்றாள். “சேம் ஹவுஸ்.”